கொடி தைக்கக் கற்றுத் தந்த சகோதரி நிவேதிதா

(குழு உறுப்பினர், சேந்தமங்கலம்)



இந்த மலருக்கு ஒரு பெரியவங்க வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு ஊக்குநர் அக்கா என்கிட்ட சொன்னாங்க. ஜான்சி ராணி, வேலு நாச்சியார், அன்னை தெரசா பத்தி எல்லாருக்கும் ஓரளவு தெரியும். நான் சகோதரி நிவேதிதாவை எடுத்துக்கிட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

2022-ம் வருஷம் சுதந்திரத்தோட 75-ம் ஆண்டு நிறைவுக்கு வீட்டுக்கு வீடு கொடி ஏத்தச் சொன்னாங்க. அப்ப நாடு முழுக்க எத்தனையோ மகளிர் குழுக்கள் ராத்திரி பகலா உட்கார்ந்து தேசியக் கொடி தைச்சாங்க. நம்ம தையல் தெரிஞ்ச உறுப்பினர்களும் தைச்சாங்க. பெண்கள் கூட்டமா உட்கார்ந்து நாட்டுக்குக் கொடி செய்யற இந்த வேலை இப்பப் புதுசா வந்ததுன்னு நினைச்சிடக் கூடாது. நூறு வருஷத்துக்கும் முன்னாடியே, கல்கத்தாவில் ஒரு சின்னச் சந்துக்குள்ள இருந்த பள்ளிக்கூடத்தில், பொம்பளப் பிள்ளைங்க ஊசி நூலால ஒரு தேசியக் கொடி தைச்சாங்க. அவங்களுக்கு டீச்சரா இருந்தவங்கதான் நிவேதிதா. அவங்க பிறந்தது நம்ம நாட்டிலேயே இல்லை.

அயர்லாந்தில் பிறந்த மார்கரெட்

நிவேதிதாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். 1867-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி அயர்லாந்து நாட்டில் டங்கனன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவ மத போதகர். ஏழை ஜனங்க வீட்டுக்குப் போய் உதவி செய்யும்போது மகளையும் கூட்டிக்கிட்டுப் போவாராம். மார்கரெட்டுக்கு பத்து வயசு இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். அம்மா பிள்ளைகளோட தாத்தா வீட்டுக்கு வந்துட்டாங்க. அயர்லாந்தும் அப்ப இங்கிலீஷ்காரங்க ஆட்சியிலதான் இருந்தது. தாத்தா அயர்லாந்து விடுதலைக்காகப் பாடுபட்டவர். அதனால அடிமை நாடுன்னா என்ன, சொந்த நாடுன்னா என்னங்கிற பேச்சு சின்ன வயசிலேயே அந்தப் பொண்ணு காதுல விழுந்துடுச்சு.

படிச்சு முடிச்சதும் 17 வயசிலேயே டீச்சர் வேலைக்குப் போயிட்டாங்க. நம்ம பக்கத்தில அப்பா இல்லாத வீட்ல மூத்த பொண்ணு மில்லுக்குப் போற மாதிரிதான். கொஞ்ச நாள் சுரங்கத் தொழிலாளிங்க வாழ்ந்த ரெக்ஸ்ஹாம் ஊரில் வேலை பார்த்து, அங்க இருந்த ஏழைக் குடும்பங்களோட கஷ்டத்தைப் பத்தியும் பத்திரிகையில எழுதினாங்க. பிறகு லண்டன் பக்கத்தில் விம்பிள்டனில் சொந்தமா ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்களைக் குச்சியால அடிச்சு மனப்பாடம் பண்ண வைக்காம, விளையாட்டிலும் கைவேலையிலும் படிக்க வைக்கணுங்கிறது அவங்க கொள்கை.

கல்யாணம் நிச்சயம் ஆகிற நேரத்தில், கட்டிக்கப் போற பையன் உடம்பு சரியில்லாம இறந்துட்டார். அதுக்கப்புறம் அவங்க மனசு எதைத் தேடுதுன்னு அவங்களுக்கே புரியாத ஒரு காலம் இருந்தது.

சுவாமி விவேகானந்தரைக் கண்டது

1895 நவம்பர் மாசம் லண்டனில் ஒரு அம்மா வீட்ல, பத்துப் பதினஞ்சு பேர் உட்கார்ந்திருந்த சின்னக் கூட்டத்தில், காவி உடுத்தின ஒரு இந்தியத் துறவி பேசினார். அவர்தான் சுவாமி விவேகானந்தர். மார்கரெட் உடனே எல்லாத்தையும் ஒத்துக்கலை. கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. அடுத்தடுத்த கூட்டத்துக்கும் போய்க் கேட்டாங்க. கேள்வி கேட்டதைச் சுவாமிஜி தப்பா எடுத்துக்கலை.

இந்தியாவில் பெண்களுக்குப் படிப்பு சொல்லித்தர ஆள் வேணும்னு அவர் நினைச்சிருந்தார். மார்கரெட் அந்த வேலைக்கு வர்றேன்னு சொன்னபோது அவர் இனிப்பா எதுவும் சொல்லலை. வெயில், அழுக்கு, வறுமை, வெள்ளைக்காரிங்கிறதால சந்தேகமாப் பார்க்கிற ஜனங்க, தீட்டுன்னு ஒதுக்கி வைக்கிற வீடுங்க, இதெல்லாம் இருக்கும்னு முன்கூட்டியே எழுதிட்டார். அதைப் படிச்சுட்டும் அவங்க கப்பல் ஏறினாங்க. 1898 ஜனவரி 28-ந் தேதி கல்கத்தாவில் வந்து இறங்கினாங்க. அப்ப வயசு 30. இந்த வயசில இருக்கிற நம்ம குழு உறுப்பினர்கள் யோசிச்சுப் பாருங்க, பக்கத்து மாவட்டத்தில் நடக்கிற பயிற்சிக்குப் போகக்கூட வீட்ல எத்தனை பேர்கிட்ட கேட்க வேண்டியிருக்கு!

அதே வருஷம் மார்ச் 25-ந் தேதி சுவாமிஜி அவங்களுக்கு தீட்சை கொடுத்து நிவேதிதான்னு பெயர் வைத்தார். கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டவள்னு அர்த்தம். நைவேத்தியம்னு நாம சொல்றோமே, அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல்தான் இது.

சாரதா தேவியார் கூட உட்கார்ந்து சாப்பிட்டது

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் வெள்ளைக்காரங்க தொட்ட தண்ணியைக் குடிக்க மாட்டாங்க. நிவேதிதாவுக்கு வேலைக்காரி கிடைக்கிறதே கஷ்டம். சமையல் கட்டுக்குள்ள அவங்க கால் வைக்கக் கூடாது. நாட்டுக்குச் சேவை செய்ய வந்தவங்களை வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்தி வைக்கிற நிலைமை.

ராமகிருஷ்ண பரமஹம்சரோட துணைவியார் சாரதா தேவி அம்மா. அவங்க எழுதப் படிக்க அதிகம் தெரியாத கிராமத்து அம்மா, ஆசாரமான பிராமண விதவை. 1898 மார்ச் மாதம் நிவேதிதாவும் இன்னும் ரெண்டு வெளிநாட்டுப் பெண்களும் அவங்களைப் பார்க்கப் போனாங்க. அம்மா அவங்களை மகளேன்னு கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைச்சு, அவங்களோட சேர்ந்து சாப்பிட்டாங்க. அதைக் கேள்விப்பட்டு சுவாமி விவேகானந்தருக்கே ஆச்சரியம். நிவேதிதாவை அம்மா குக்கின்னுதான் கூப்பிடுவாங்க. வங்காளத்தில் குக்கின்னா பாப்பா, சின்னக் குழந்தைன்னு அர்த்தம்.

பெரிய மேடையில் ஒற்றுமை பத்திப் பேசறது சுலபம். ஒரு தட்டுப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைக்கிறதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைப் படிக்காத ஒரு கிராமத்து அம்மா செஞ்சு காட்டினாங்க. நிவேதிதாவின் பள்ளிக்கூடம் நிலைச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவே ஏத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் தெருவில் பலபேர் கதவைத் திறந்தாங்க.

போஸ்பாரா சந்தில் பள்ளிக்கூடம்

1898 நவம்பர் 13-ந் தேதி, காளி பூஜை நாள். கல்கத்தா பாக்பஜார் பகுதியில் போஸ்பாரா சந்தில் 16-ம் நம்பர் வீட்டில் பெண் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது. சாரதா தேவியாரே வந்து பூஜை செஞ்சு ஆசீர்வாதம் பண்ணினாங்க.

பிள்ளைங்களைச் சேர்க்க நிவேதிதா வீடு வீடாப் போனாங்க. நம்ம குழு ஆரம்பிச்ச காலத்தை மூத்த உறுப்பினர்கள் நினைச்சுப் பார்க்கணும். 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கி, அப்புறம் நம்ம சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் அப்ப தனி மாவட்டம் ஆகலை. வாசல்ல நின்னு கூப்பிட்டா, கூட்டத்துக்குப் போனா சோறு யார் ஆக்குவாங்கன்னு கேட்ட வீடுங்க எத்தனை! அங்கேயும் அதே கேள்விதான். பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு? பத்து வயசுக்குள்ள கல்யாணம் ஆகிடுமே, அப்புறம் வெளியில வரக்கூடாதே.

நிவேதிதா அதுக்கு ஏத்த மாதிரி பள்ளிக்கூடத்தை நடத்தினாங்க. எழுத்து, கணக்கோட களிமண் பொம்மை, படம் வரையறது, ஊசி வேலை எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. 1903-ல் கிறிஸ்டின்னு ஒரு அமெரிக்கச் சகோதரி துணைக்கு வந்தாங்க. கல்யாணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் தனியா வகுப்பு ஆரம்பிச்சாங்க. வீட்டை விட்டு வெளியே வராத அந்தப் பெண்கள் தையல் கத்துக்கப் போறோம்னு சொல்லி வந்தாங்க. தையலைச் சாக்கு வைச்சுப் படிப்பும் வந்துச்சு. நம்ம ஊர்லயும் தையல் பயிற்சின்னு சொல்லி வந்து, அப்புறம் பேங்க் பாஸ்புக்கைத் தானே படிச்சுப் பார்க்கிற அளவுக்கு வந்த அக்காமார் இருக்காங்களே, அது மாதிரி.

பணத்துக்கு எப்பவும் தட்டுப்பாடுதான். நடுவுல 1899-ல் பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு நிதி திரட்ட வெளிநாடு போனாங்க. 1902-ல் திரும்பி வந்து மறுபடியும் திறந்தாங்க. அந்த வருஷமே ஜூலை 4-ந் தேதி சுவாமி விவேகானந்தர் காலமாயிட்டார். குரு போனதும் ஊருக்குத் திரும்பிடுவாங்கன்னு நினைச்சவங்க இருந்திருப்பாங்க. நிவேதிதா போகலை. நாட்டு விடுதலை வேலையிலும் இறங்கணும்னு தீர்மானம் பண்ணினாங்க. மடத்துக்கும் அரசியலுக்கும் ஒத்து வராதுங்கிறதால, மடத்தில் இருந்து முறைப்படி விலகிக்கிட்டாங்க. ஆனா சாரதா தேவியார் மேலயும் மடத்துத் துறவிகள் மேலயும் வைச்ச அன்பு கடைசி வரைக்கும் குறையலை. 1902 கடைசியில் நம்ம மதராசுக்கும் வந்து கூட்டங்களில் பேசினாங்க.

பிளேக் வந்தபோது

1899-ல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவிச்சு. கொரோனா காலத்தைப் பார்த்த நமக்கு அந்தப் பயம் புரியும். ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க. நிவேதிதா துப்புரவு வேலைக்கு ஆள் திரட்டினாங்க. ஆள் பத்தாதபோது தானே துடைப்பத்தை எடுத்துக்கிட்டுச் சந்தைக் கூட்ட இறங்கிட்டாங்க. வெள்ளைக்கார அம்மா சாக்கடை ஓரம் கூட்டறதைப் பார்த்துத் தெருப் பையன்களுக்கு வெட்கம் வந்து, அவங்களும் வந்து சேர்ந்தாங்க.

ஒரு குடிசையில் தாயைப் பறிகொடுத்த குழந்தைக்கும் பிளேக். நிவேதிதா அந்தக் குடிசைக்குள்ளேயே இருந்து குழந்தையை மடியில் வைச்சுப் பார்த்துக்கிட்டாங்க. குடிசைச் சுவருக்குத் தானே ஏணி போட்டுச் சுண்ணாம்பு அடிச்சாங்க. குழந்தை பிழைக்கலை. அவங்க மடியிலேயே போயிடுச்சு. அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஆர்.ஜி.கர் இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைச்சிருக்கார்.

வங்காளத்தை ரெண்டாப் பிரிச்சாங்க

1905 அக்டோபர் 16-ந் தேதி வெள்ளைக்கார அரசாங்கம் வங்காளத்தை ரெண்டாப் பிரிச்சது. நிர்வாக வசதிக்குன்னு சொன்னாங்க. ஆனா இந்துவும் முஸ்லிமும் ஒண்ணா இருந்த மாகாணத்தைப் பிரிச்சுப் போடறதுதான் நோக்கம்னு ஜனங்களுக்குப் புரிஞ்சது. சுதேசி இயக்கம் வந்துச்சு. சீமைத் துணியை வாங்க மாட்டோம், நம்ம கைத்தறித் துணியைத்தான் உடுத்துவோம்னு பெண்கள் எல்லாம் உறுதி எடுத்தாங்க. நிவேதிதா பள்ளிக்கூடத்தில் பிள்ளைங்க தினமும் வந்தே மாதரம் பாடினாங்க. ராட்டையில் நூல் நூற்கவும் கத்துக்கிட்டாங்க.

1906-ல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது நிவேதிதா படகிலும் தண்ணியிலும் போய்க் கிராமம் கிராமமாப் பார்த்தாங்க. அங்க வந்த மலேரியாக் காய்ச்சல் அவங்க உடம்பை ரொம்பக் கெடுத்துடுச்சு.

நம்ம நெசவுக்காரக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1904-ல் இந்திய வாழ்க்கையைப் பத்தி நிவேதிதா ஒரு புத்தகம் எழுதினாங்க. அதோட பெயரே நெய்த துணியைச் சொல்ற பெயர். முதல் அத்தியாயத்துக்குப் பாவு ஓட்டறதுன்னு அர்த்தம் வர்ற தலைப்பு வைச்சாங்க. பாவு நூலும் ஊடை நூலும் வேற வேற திசை. ரெண்டும் குறுக்கே போனாத்தான் துணி. ஒரே திசையில் எல்லா நூலும் போனா அது நூல்கட்டுதான், துணி ஆகாது. இதை இளம்பிள்ளையிலும் ராசிபுரத்திலும் தறி ஓட்டறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொடி பிறந்த கதை

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குன்னு ஒரு கொடி கிடையாது. ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு கொடி. மேல பறந்தது வெள்ளைக்காரன் கொடி. இத்தனை பாஷை, இத்தனை சாமி இருக்கிற நாட்டுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு கொடி வேணும்னு நிவேதிதா நினைச்சாங்க.

1904-ல் அவங்க புத்தகயாவுக்குப் போயிருந்தாங்க. ஜகதீச சந்திர போஸ், ரவீந்திரநாத் தாகூர் எல்லாம் கூடப் போனாங்க. அங்க வஜ்ராயுதச் சின்னத்தைப் பார்த்தாங்க. வஜ்ராயுதக் கதை நம்ம பாட்டிமார் சொல்ற கதைதான். அசுரனை ஜெயிக்க ஆயுதம் வேணும்னு தேவர்கள் கேட்டபோது, ததீசி முனிவர் தன்னோட முதுகெலும்பையே கொடுத்தார். அந்த எலும்பில் செஞ்சதுதான் இந்திரனோட வஜ்ராயுதம். புத்த மதத்திலும் வஜ்ரம் புனிதமான சின்னம். தனக்குன்னு எதுவும் வைச்சுக்காம மத்தவங்களுக்காகக் கொடுக்கிறதுதான் பெரிய பலம்னு சொல்ற சின்னம் இது. அதனால இதையே கொடிக்கு எடுத்துக்கிட்டாங்க.

1905 தொடக்கத்தில் முதல் மாதிரி செஞ்சாங்க. சிவப்புத் துணியில் கருப்பு வஜ்ரம். நம்ம ஜனங்களுக்குக் கருப்பு பிடிக்காதுன்னு அவங்களுக்கே அப்புறம் தோணுச்சு. நல்ல காரியத்துக்கு நாம கருப்பு எடுக்கிறதில்லையே. அதனால அடுத்த மாதிரியில் வஜ்ரத்தை மஞ்சளாக்கினாங்க. சிவப்பு விடுதலைப் போராட்டத்துக்கு, மஞ்சள் வெற்றிக்கு. வஜ்ரத்துக்கு ஒரு பக்கம் வந்தே, இன்னொரு பக்கம் மாதரம்னு வங்காள எழுத்து. ஓரத்தைச் சுத்தி 108 தீபம்.

இதைத் துணியில் தைச்சது யார்? அவங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான். வங்காளத்துப் பெண்களுக்கு காந்தா தையல் கைவந்த கலை. கட்டிக் கட்டி நைஞ்ச சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, பூவும் மீனும் தாமரையும் தைச்சுப் போர்வை ஆக்குவாங்க. நம்ம ஊட்லயும் பழைய சேலைங்களை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தைக்கிறோமே, அதே வேலை. அப்படிப் பாட்டிகிட்டயும் அம்மாகிட்டயும் ஊசி பிடிக்கக் கத்துக்கிட்ட கைகள்தான் கொடியைத் தைச்சது. 108 தீபத்தையும் ஒரே பிள்ளை தைச்சு முடிக்கிறது நடக்கிற காரியமா? ஊசி வேலை தெரிஞ்சவங்களுக்கு அதோட அளவு புரியும்.

1906-ல் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாநாடு நடந்தபோது, அதோட சேர்ந்த கண்காட்சியில் இந்தக் கொடியை வைச்சாங்க. வாசலைத் தாண்டக் கூடாதுன்னு வளர்ந்த பிள்ளைங்க போட்ட தையலை நாட்டுத் தலைவர்கள் எல்லாம் நின்னு பார்த்தாங்க. பிள்ளைங்க வெளியில வர முடியாட்டியும் அவங்க தையல் வெளியில வந்துடுச்சு.

பாரதியாருக்குக் குரு

நிவேதிதாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பெரிய தொடர்பு ஒண்ணு உண்டு. மகாகவி பாரதியார் காங்கிரஸ் மகாநாட்டுக்காக வடக்கே போயிருந்தபோது கல்கத்தா பக்கத்தில் நிவேதிதாவைப் போய்ப் பார்த்தார். அவர் அப்ப சக்கரவர்த்தினின்னு பெண்களுக்கான மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர். நிவேதிதா அவரிடம் மனைவியைக் கூட்டி வரலையான்னு கேட்டாங்க. எங்க சமூகத்தில் மனைவியைக் கூட்டத்துக்கெல்லாம் கூட்டி வர்ற வழக்கம் இல்லைங்கிற மாதிரி பாரதியார் பதில் சொன்னார். வீட்ல பாதி ஜனத்தை அடிமையா வைச்சுக்கிட்டு நாட்டுக்கு எப்படி விடுதலை கிடைக்கும்னு நிவேதிதா திருப்பிக் கேட்டாங்க. அந்தக் கேள்வி பாரதியாரை மாத்திடுச்சு. அதுக்கப்புறம் அவங்களைத் தன் குருவா ஏத்துக்கிட்டார். 1908-ல் வந்த ஸ்வதேச கீதங்கள் புத்தகத்தை நிவேதிதாவுக்கே சமர்ப்பணம் செஞ்சார். பள்ளிக்கூடத்தில் நாம படிச்ச பாரதியாரோட புதுமைப்பெண்ணுக்குப் பின்னாடி இந்த அம்மா நிக்கிறாங்க.

தாயின் மணிக்கொடி பாட்டை இன்னொரு தடவை கவனிச்சுப் பாருங்க. அதில் பாரதியார் வர்ணிக்கிற கொடியில் வந்தே மாதரம் எழுதியிருக்கு, இந்திரனோட வஜ்ரமும் இருக்கு, முஸ்லிம்களோட பிறையும் இருக்கு. அந்தக் கொடிக்குக் கீழே பல பாஷை பேசறவங்க ஒண்ணா நிக்கிறாங்க. சுதந்திர தினத்துக்குப் பிள்ளைங்க பாடும்போது நாம கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

அதுக்கப்புறம் வந்த கொடிகள்

1907-ல் மேடம் காமா அம்மையார் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்தில் உலகத் தலைவர்கள் முன்னாடி இன்னொரு இந்தியக் கொடியை விரிச்சுக் காட்டினாங்க. 1921-ல் ஆந்திராவைச் சேர்ந்த பிங்கலி வெங்கய்யா விஜயவாடாவில் காந்தியடிகளிடம் ஒரு கொடி மாதிரி கொடுத்தார். அதில் ராட்டை வந்துச்சு. நூல் நூற்கிறது அநேகமாப் பெண்கள் வேலை. ராட்டையைக் கொடியில் வைச்சதால எத்தனையோ கிராமத்துப் பெண்களோட கையை நாட்டுக் கொடியில் வைச்ச மாதிரி ஆச்சு.

நம்ம பக்கத்திலேயே அதுக்குச் சாட்சி இருக்கு. 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். மழை இல்லாமக் கஷ்டப்பட்ட சுத்துப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிட்டுப் போய் நூற்று, நூலைக் கொடுத்துக் கூலி வாங்கினாங்க. அந்தக் கூலியில அடுப்பு எரிஞ்சது. நாட்டு ஒற்றுமை ஒரு பக்கம், வீட்டுச் சோறு ஒரு பக்கம், ரெண்டும் ஒரே நூலில் வந்துச்சு.

1947 ஜூலை 22-ந் தேதி இப்ப இருக்கிற மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏத்துக்கிட்டது. ஆகஸ்ட் 14-ந் தேதி நடு ராத்திரி, சுதந்திரம் வந்த நேரத்தில், ஹன்சா மேத்தா அம்மையார் இந்தியப் பெண்கள் சார்பா தேசியக் கொடியை அந்தச் சபைக்கு வழங்கினாங்க. சுதந்திர இந்தியாவோட முதல் கொடி பெண்கள் கொடுத்த கொடி. இதை நம்ம பிள்ளைங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்.

கடைசி நாட்கள்

நிவேதிதா சின்ன வயசிலேயே போயிட்டாங்க. மலேரியா, மூளைக் காய்ச்சல், ஓயாத வேலை, சரியான சாப்பாடு இல்லாதது எல்லாம் சேர்ந்து உடம்பு தளர்ந்து போச்சு. இதுக்கு நடுவிலும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் புத்தகம் எழுத உதவி செஞ்சாங்க. நந்தலால் போஸ் மாதிரி இளம் ஓவியர்களை அஜந்தா குகைக்கு அனுப்பிப் பழைய ஓவியங்களைப் பிரதி எடுக்க வைச்சாங்க. அந்த நந்தலால் போஸ்தான் பிற்காலத்தில் நம்ம அரசியல் சட்டத்தோட மூலப் புத்தகத்துக்குச் சித்திரம் வரைஞ்சவர்.

1911-ல் ஓய்வுக்காக டார்ஜிலிங் போனாங்க. அங்க சீதபேதி வந்து படுத்துட்டாங்க. இறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உயில் எழுதினாங்க. தன்கிட்ட இருந்த பணம், புத்தகத்தில் வர்ற வருமானம் எல்லாம் பெண்கள் கல்விக்கே போகணும்னு எழுதி வைச்சாங்க. அக்டோபர் 13-ந் தேதி காலமானாங்க. 44 வயசு முடிய இன்னும் ரெண்டு வாரம் இருந்தது. தன்னுடைய எல்லாத்தையும் இந்தியாவுக்குக் கொடுத்தவர் இங்கே உறங்குகிறார்ங்கிற பொருளில் அவங்க நினைவிடத்தில் எழுதி வைச்சிருக்காங்க. 1968-ல் இந்திய அரசாங்கம் அவங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவங்க ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் இன்னைக்கும் கல்கத்தாவில் அவங்க பெயரில் நடக்குது.

நாம எடுத்துக்க வேண்டியது

நம்ம கூட்டமைப்பு ஆண்டு விழாவுக்கு ஒட்டுத் துணி ஒண்ணு தைக்கறோம். ஒவ்வொரு குழுவும் ஒரு முழம் சதுரத்தில் ஒரு கட்டம். பழைய சேலை, ஜாக்கெட் பிட்டு, ரேஷன் சேலை எது வேணும்னாலும் இருக்கலாம். ஒரு குழு கொல்லிமலையைத் தைச்சிருக்காங்க. ஒரு குழு குச்சிக்கிழங்குச் செடி. ஒரு குழு நைனாமலைப் படிக்கட்டு. முஸ்லிம் சகோதரிகள் குழு பச்சைத் துணியில் பிறையும் மல்லிகைக் கொடியும் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து நடுவுல மூவர்ணம் வர்ற மாதிரி திட்டம்.

கட்டங்களைச் சேர்க்கிற வேலையை வாரம் ஒரு தெருவில் வைச்சோம். எல்லாரும் எல்லாத் தெருவுக்கும் வந்தாங்க. அது நல்ல விஷயம். ஆனா ஒரு தெருவில் டீ கொடுத்தபோது, இப்பத்தான் வீட்ல குடிச்சுட்டு வந்தோம்னு சில பேர் சொன்னாங்க. கொடுத்த அக்கா ஒண்ணும் சொல்லாம டம்ளரைத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க. எல்லாருக்கும் புரிஞ்சது. யாரும் பேசலை. சேமிப்புப் பணத்தை எல்லாரும் ஒரே பெட்டியில் போடறோம். ஒருத்தர் கடனுக்கு இன்னொருத்தர் கையெழுத்து போடறோம். பெட்டியில் பணம் கலக்குது. டம்ளர்தான் கலக்க மாட்டேங்குது.

அடுத்த தடவை அதே தெருவுக்கு முறை வந்தபோது, எங்க கூட்டத்திலேயே வயசான அம்மா ஒருத்தங்க, வந்து உட்கார்ந்ததும் தொண்டை வறளுது, முதல்ல டீ கொடு தாயின்னு சத்தமாவே கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. அவங்க குடிச்ச பிறகு ரெண்டு பேர் குடிச்சாங்க. அப்புறம் இன்னும் நாலு பேர். இன்னும் குடிக்காதவங்களும் இருக்காங்க. அந்த அம்மாவுக்கு சாரதா தேவியார் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அவங்க செஞ்சதும் இவங்க செஞ்சதும் ஒண்ணுதான்.

துணியில் பல நிறத்தை ஒட்டறதுக்கு ஊசி நூல் போதும். மனுஷங்க சேர்றதுக்கு யாராவது ஒருத்தர் முதல் வாய் குடிக்கணும். நிவேதிதா கதையை நான் எழுதறதுக்கு இதுதான் காரணம். கொடி பெரிசுதான். ஆனா அந்தக் கொடியைத் தைச்ச பிள்ளைங்க ஒரே பாயில் உட்கார்ந்து, வேத்து நாட்டு டீச்சரைத் தொட்டு, ஒரே துணியைப் பிடிச்சுத் தைச்சாங்களே, அது அதைவிடப் பெரிசு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கொடியை வரைஞ்ச நிவேதிதா பெயர் நமக்குத் தெரியுது. தைச்ச பிள்ளைங்க பெயர் புத்தகத்தில் வர்றதில்லை. 2022-ல் கொடி தைச்ச நம்ம பெண்கள் பெயரும் எங்கேயும் இல்லை. அதனால இந்த ஒட்டுத் துணியில் ஊசி போட்ட ஒவ்வொருத்தர் பெயரையும், எந்தக் குழு, எந்தக் கட்டம்னு தீர்மான நோட்டில் எழுதி வைக்கணும்னு கூட்டமைப்பு கூட்டத்தில் கேட்டிருக்கேன். கையெழுத்து போடத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கட்டும். எங்களோட பேரப்பிள்ளைங்க அந்த நோட்டைப் பிரிச்சுப் பார்க்கும்போது, எல்லாத் தெருப் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கணும்.